போர்ஷன்ல இல்லாத பத்தி

அந்த ஓரத்துல உக்காராதீங்க அண்ணாச்சி, பெஞ்சுக்கு ஒரு கால் ஆடுது. இங்கன தள்ளி வாங்க. யாரைப் பாக்க வந்திருக்கீங்க? அம்மாவையா? சரியாயிரும், கவலைப்படாதீங்க, இந்த டாக்டர் கைராசிக்காரர். எங்க வீட்டம்மாவும் உள்ளதான் இருக்கா. இன்னைக்கு வீட்டுக்கு விட்டுருவாங்க. எழுதிக் கொடுக்கணும்லா, அதுக்குத்தான் காத்துக் கிடக்கேன்.

கையில என்ன தாள்? அம்மாவுக்கு எழுதிக் கொடுத்ததா? எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கோ? அடடே, நீங்க உக்காந்த இடம் சரியான இடம் அண்ணாச்சி. நான் இங்கிலீஷ் வாத்தியார். பொன்னுலிங்கம் சார்னு நம்ம சுத்துப்பட்டுல யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. ஒரு நிமிசத்துல வாசிச்சுச் சொல்லிருதேன். அதுக்கு முன்னாடி என் வயித்தெரிச்சலைக் கொஞ்சம் கேளுங்க. நாலு நாளா சொல்லி அழ ஆள் இல்லாம தவிச்சுக்கிட்டு இருக்கேன்.

ஒம்பதாப்பு படிக்கிற ஒரு பொட்டப்பிள்ளை என் விருதைக் கெடுத்துட்டா அண்ணாச்சி.

ஆமா, விருது. நல்ல வாத்தியாருக்குக் கொடுக்கிற விருது. அடுத்த வருசம் எனக்கு ரிட்டயர்மென்ட். பேரு மேல வரைக்கும் போயி, எல்லாம் கூடி வந்தாச்சு. ஒரு பெரிய அதிகாரியம்மா வந்து என் வகுப்புல உக்காந்து பாத்துட்டு ரெண்டு வரி எழுதணும். அவ்வளவுதான் பாக்கி. மாலைக்குக் கழுத்தை நீட்டிக்கிட்டு நின்னேன்னு வச்சுக்கிடுங்க.

என் வகுப்பைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். இங்கிலீஷ் பரீட்சையில ஒரு பத்தி கொடுத்து, கீழ அஞ்சு கேள்வி கேப்பான். பத்தியை வாசிச்சு நாமளே பதில் எழுதணும். நம்ம பிள்ளைங்க அதைப் பாத்தாலே பேந்தப் பேந்த முழிக்கும். நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். பத்தியை வாசிக்காத. முதல்ல கேள்வியைப் பாரு. கேள்வியில இருக்கிற சொல்லைப் பிடிச்சுக்கோ. அந்தச் சொல் பத்தியில எங்க கிடக்குன்னு தேடு. கண்டுபிடிச்சாச்சா? அந்த வரியை ஆரம்பத்துல இருந்து புள்ளி வரைக்கும் அப்படியே பேத்து எழுது. தீந்துச்சு சோலி. அர்த்தம் பாத்துக்கிட்டு நின்னா மணி அடிச்சிருவான்லா. என்கிட்ட படிச்சவன் எவனும் இங்கிலீஷ்ல ஃபெயிலாப் போனதா சரித்திரம் கிடையாது. இன்னைக்குப் பெரிய பெரிய வேலையில இருக்கானுவ. ரோட்டுல பாத்தா வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்லுவான். தமிழ்லதான் சொல்லுவான், அது வேற விசயம்.

இப்படி நல்லாப் போய்க்கிட்டு இருந்த நேரத்துல ஒரு பயிற்சி போட்டாங்க. எங்களை மாதிரி நரைச்ச தலையெல்லாம் பெஞ்சுல உக்கார, என் மக வயசுல ஒரு பொண்ணு முன்னால நின்னு பாடம் நடத்துது. புத்தகத்துல உள்ள பத்தி மட்டும் போதாதாம். ஊரு உலகத்துல நிசமா புழங்குற தாளைப் பிள்ளைங்க கையில கொடுக்கணுமாம். பஸ் நேரம் போட்ட அட்டை, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், மாத்திரை டப்பாவுக்குள்ள மடிச்சு வச்சிருப்பான்லா, அந்தத் தாள். அதை வாசிச்சுட்டு பிள்ளைங்க நிசமா ஒரு காரியம் செய்யணுமாம். எந்த பஸ்ஸுல ஏறணும், மாத்திரையை எப்பப் போடணும், இந்த மாதிரி. நானும் தலையை ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். மத்தியானம் பிரியாணி நல்லா இருந்துது.

அதிகாரியம்மா வாரது அந்தப் புதுப் பாடத்தைப் பாக்கத்தான்னு எங்க எச்.எம். வந்து சொன்னாரு. எனக்கென்ன பயம்? நிசமான தாள்தான வேணும்? வீட்டுல தேடினேன். ஃபிரிட்ஜ் மேல வடிவோட மாத்திரை டப்பா கிடந்துது. வடிவுங்கிறது எங்க வீட்டம்மா, செண்பகவடிவு. அவளுக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. அதுக்குப் புதுசா மாத்தி எழுதிக் கொடுத்த மாத்திரை. உள்ள இருந்த தாளைப் பிரிச்சா வேட்டி கணக்கா நீளுது. கொண்டு போயி பிள்ளைங்க எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் போட்டேன், என் கைக்காசு.

தாள் முழுசையும் நடத்த முடியுமா? மேல இருந்து நாலு வரி, கீழ இருந்து நாலு வரி எடுத்துக்கிட்டேன். நடுவுல ஒரு பெரிய பத்தி, எல்லாம் வாயில நுழையாத சொல்லு. குறுக்க ரெண்டு கோடு போட்டு, போர்ஷன்ல இல்லைன்னு சொல்லிட்டேன். அஞ்சு கேள்வி தயார் பண்ணி, எந்தக் கேள்விக்கு எவன் எந்திரிச்சு பதில் சொல்லணும்ங்கிறது வரைக்கும் பிரிச்சுக் கொடுத்தாச்சு. பிள்ளைங்க ஒரு வாரத்துல தலைகீழா ஒப்பிச்சிட்டு. வகுப்பு லீடர் பயலுக்கு நாலாவது கேள்வி. மாத்திரையை எப்படி வைக்கணும்? கீப் அவுட் ஆஃப் ரீச் ஆஃப் சில்ட்ரன். மணி மணியாச் சொல்லுவான். பிள்ளைங்க கைக்கு எட்டாம வைக்கணுமாம். அர்த்தம் எனக்குத் தெரியும், அவனுக்கு எதுக்கு?

சிரிக்காதீங்க அண்ணாச்சி. நிசத் தாள் கொண்டு வரச் சொன்னாங்க, கொண்டு வந்தாச்சு. ஒப்பிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே?

அந்த வகுப்புலதான் இந்த முப்பிடாதி இருக்கா. பூக்கட்டுற வீட்டுப் பிள்ளை. மக்குன்னா மக்கு, உங்க வீட்டு மக்கு எங்க வீட்டு மக்கு இல்ல. படிக்க மாட்டான்னு சொல்ல முடியாது, கண்டதையும் படிப்பா. பிஸ்கட் உறையைப் படிப்பா. லாரிக்குப் பின்னால எழுதியிருக்கிறதைப் படிப்பா. ஸ்கூல் தண்ணித் தொட்டியில ஒட்டியிருக்கிறதைப் படிச்சுட்டு வந்து, "சார், இதை மாசா மாசம் கழுவணும்னு போட்டிருக்கே, கழுவுறாங்களா?"ன்னு கேப்பா. படிக்கணும்னு சொன்னதை மட்டும் படிக்க மாட்டா. பரீட்சையில பத்தி முழுசையும் எழுத்துக்கூட்டி வாசிச்சுக்கிட்டே உக்காந்திருந்து, கடைசியில ரெண்டு கேள்விக்குச் சொந்தமா எழுதிக் கொடுப்பா. ஒருக்கா கேள்வி, அந்த வியாபாரி ஏன் திரும்பி வந்தான்? இவ, அவனுக்கு வெக்கமாப் போச்சுன்னு எழுதியிருக்கா, அதுவும் தப்புந்தவறுமா. பத்தியில வெக்கம்ங்கிற சொல்லே கிடையாது அண்ணாச்சி! நான் பூதக்கண்ணாடி வச்சுத் தேடிட்டேன். முட்டைதான் போட்டேன்.

அவ வகுப்புல இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான்னு, மத்தியானம் எனக்குச் சோறு எடுக்க அவளைத்தான் வீட்டுக்கு அனுப்புவேன். வடிவு கையால சுடச்சுடச் சாப்பிட்டுப் பழகிட்டேன். இவ போவா, வடிவுகிட்ட ரெண்டு கதை பேசுவா, தூக்குவாளியோட வந்துருவா. அதுல குறை சொல்ல முடியாது, குழம்பு சிந்தாம கொண்டு வருவா.

அந்தப் பழக்கந்தான் வினையாப் போச்சு.

ஒப்பிக்கிற வகுப்பு நடந்துக்கிட்டு இருக்கு. எல்லாம் அச்சுப் பிசகாம சொல்லிக்கிட்டு வருது. இவ எந்திரிச்சு நிக்கா. என்னட்டீ?

"சார், நடுவுல ஒண்ணு போட்டிருக்கு சார்."

"அதுக்கு மேல கோடு போட்டிருக்கா இல்லையா? அது போர்ஷன்ல இல்ல. உக்காரு."

"இல்ல சார், இந்த மாத்திரை போட்டா சில பேருக்கு வறட்டு இருமல் வருமாம். உதடு, நாக்கு எல்லாம் வீங்குமாம். வீங்கினா மாத்திரையை நிறுத்திட்டு உடனே டாக்டரைப் பாக்கணும்னு போட்டிருக்கு சார். உங்க வீட்டு அம்மாவுக்கு..."

உக்காருட்டீன்னு ஒரு சத்தம் போட்டேன். உக்காந்துட்டா.

நீங்க கேக்கிறது புரியுது. வடிவுக்கு இருமல் இருந்துது, இல்லைங்கல. ராத்திரி முச்சூடும் லொக்கு லொக்குன்னு இருமுவா. நான் பனியில நிக்காதேன்னு சொல்லி மருந்துக் கடையில டானிக் வாங்கிக் கொடுத்தேன். உதடும் அப்பதான் ரெண்டு நாளா லேசாத் தடிச்சிருந்துது. கருவாடு ஒத்துக்கலைன்னு அவளே சொன்னா. அதையும் இதையும் போட்டு எப்படி அண்ணாச்சி குழப்புறது? அது வீடு. இது பாடம்.

அன்னைக்கு சாயந்தரம் எனக்கு ஒரு பயம் பிடிச்சுக்கிட்டு. இந்தக் கழுதை அதிகாரியம்மா முன்னாலயும் எந்திரிச்சு இப்படி எதையாவது கேட்டா என் பொழப்பு என்னாவும்? பெரிய அதிகாரி வாரப்போ எல்லா ஊர்லயும் செய்யுறதுதான், நான் ஒண்ணும் புதுசாச் செய்யல. நல்லா ஒப்பிக்கிறதை முன்னால உக்கார வைப்போம். ஒப்பிக்காததை அன்னைக்கு லீவு போடச் சொல்லிருவோம். முப்பிடாதியைக் கூப்பிட்டு, "நாளைக்கு நீ வரவேண்டாம், வீட்டுல பூக்கட்டு, ஆப்சென்ட் போட மாட்டேன்"னு தன்மையாத்தான் சொன்னேன். சரி சார்னுதான் போனா.

போனவ வீட்டுல இருக்க வேண்டியதுதான? மறுநாள் நேரா எங்க வீட்டுக்குப் போயிருக்கா. லீவு விட்ட பிள்ளைக்கு வாத்தியார் வீட்டுல என்ன வேலை? அங்கன வடிவு கண்ணாடி முன்னால நிக்கிறா. உதடு வீங்கிப் பணியாரமா ஆயிருக்கு. அதோட அன்னைக்கு மாத்திரையையும் போடப் போயிருக்கா. இவ அதைக் கையில இருந்து பிடுங்கிட்டாளாம். நான் கொடுத்த ஜெராக்ஸை எடுத்து, நான் அடிச்ச கோட்டுக்கு அடியில விரலை வச்சு, எழுத்துக்கூட்டி வாசிச்சு, தமிழ்ல சொல்லியிருக்கா. தெருமுனையில ஆட்டோவைப் பிடிச்சு ஏத்தியிருக்கா. ஆஸ்பத்திரிக்குப் போற வழிதான எங்க ஸ்கூலு? அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோம்னு வடிவு சொல்லியிருக்கா.

இங்க நான் என்ன செஞ்சுக்கிட்டு இருக்கேன்? பாடம் எடுத்துக்கிட்டு இருக்கேன். அதிகாரியம்மா கடைசி பெஞ்சுல. மூணாவது கேள்வி முடிஞ்சுது. பதில் அருமையா வந்துது. அவங்க முகத்துல ஒரு சிரிப்புகூடத் தெரிஞ்சுது. நாலாவது கேள்விக்கு லீடர் பய எந்திரிக்கப் போறான். வாசல்ல எச்.எம். நின்னு கையைக் காட்டுதாரு. வெளிய போனேன். உங்க சம்சாரம் ஆட்டோல இருக்காங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னாரு. அஞ்சு நிமிசம் சார், ரெண்டு கேள்விதான் பாக்கின்னு சொன்னேன். சொன்னது தப்பா? இருக்கிறது ரெண்டே கேள்வி. அதை வடிவு இப்ப வரைக்கும் சொல்லிக் காட்டுதா.

ஆட்டோவுக்குள்ள எட்டிப் பாத்தேன் அண்ணாச்சி. என்னத்தச் சொல்ல. வடிவு என்னமோ பேசப் பாக்கா, பேச்சு குழறுது. என் கையைப் பிடிச்சுக்கிட்டா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவ வெளிய வச்சு என் கையைப் பிடிச்சதில்ல. எனக்கு அழுகை வந்துட்டு. சொல்லுததுக்கு என்ன வெக்கம், வழி நெடுக அழுதேன். அவ இல்லேன்னா எனக்கு ஒரு காப்பித்தண்ணி போட்டுக் குடிக்கத் தெரியாது. சட்டை எந்தப் பெட்டியில இருக்குன்னு தெரியாது. அந்த முப்பிடாதி எதிர்ல உக்காந்து, "அழாதீங்க சார், நிறுத்திட்டாச் சரியாயிரும்னு போட்டிருக்கு சார்"னு சொல்லுதா. அந்த நேரத்துலயும் தாளைக் கையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்தா.

டாக்டர் அந்தத் தாளை வாங்கிப் பாத்தாரு, மாத்திரை பேரைப் பாத்தாரு, உடனே ஊசியைப் போட்டாரு. இன்னும் ஒரு மாத்திரை உள்ள போயிருந்தா, கொஞ்ச நேரம் கழிச்சு வந்திருந்தா, தொண்டை அடைச்சிருக்கும், மூச்சு விட முடியாமப் போயிருக்கும்னாரு. கோடு போட்டது யாருன்னு கேட்டாரு. நான் வாயைத் திறக்கல. இவளும் வாயைத் திறக்கல, அதையும் சொல்லணும்லா.

சரி, வடிவு பிழைச்சுக்கிட்டா. சாமிக்கு ஒரு தேங்காய். ஆனா என் வகுப்பு என்னாச்சுன்னு கேளுங்க.

நான் போன பிறகு அதிகாரியம்மா எந்திரிச்சு முன்னால வந்திருக்காங்க. வந்தவங்க நாலாவது கேள்வியைக் கேக்கணும், அஞ்சாவது கேள்வியைக் கேக்கணும், போயிட்டே இருக்கணும். தாளைக் கையில வச்சுக்கிட்டு, "இந்த மாத்திரை எதுக்குப் போடுறது?"ன்னு கேட்டிருக்காங்க. அது நம்ம அஞ்சுலயே இல்ல! முறைப்படி லீடர் பயலோட முறை. அவன் எந்திரிச்சு, கீப் அவுட் ஆஃப் ரீச் ஆஃப் சில்ட்ரன்னு கணீர்னு சொல்லியிருக்கான். "உங்க வாத்தியார் எதுக்கு வெளிய போனாரு?"ன்னு தமிழ்ல கேட்டிருக்காங்க. அஞ்சாவது பதில்காரன் எந்திரிச்சு, ஸ்டோர் இன் எ கூல் அண்ட் டிரை ப்ளேஸ். ரெண்டும் சரியான பதில்தான் அண்ணாச்சி. நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும்.

அவங்க என்ன எழுதினாங்கன்னு எச்.எம். காட்ட மாட்டேங்காரு. முகத்தைப் பாத்தாலே தெரியுது. போச்சு. அத்தனை வருச உழைப்பு. இதுல கூத்து என்னன்னா, ஆட்டோ ஏன் வந்துது, யாரு கூட்டிட்டு வந்தாங்கன்னு எச்.எம்.கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, "அந்தப் பிள்ளை ஏன் இன்னைக்கு வகுப்புல இல்ல?"ன்னு கேட்டாங்களாம். எச்.எம். என்னத்தச் சொல்லுவாரு? பூக்கட்டப் போயிட்டான்னு சொல்லியிருக்காரு.

நான் ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சுப் பாத்தேன். எங்க தப்பு நடந்துதுன்னு. லீவு போடச் சொன்னதுதான் தப்பு. ஸ்கூலுக்கு வரச் சொல்லி, லைப்ரரி ரூம்ல உக்கார வச்சு வெளிய தாழ்ப்பாள் போட்டிருக்கணும். போட்டிருந்தா அவ எங்க வீட்டுக்கே போயிருக்க மாட்டா, ஆட்டோ வந்திருக்காது, ரெண்டு கேள்வியும் முடிஞ்சு, விருதும்...

என்ன அண்ணாச்சி, அப்படிப் பாக்கீங்க? வடிவா? வடிவை சாயந்தரம் வந்து நான் கூட்டிட்டுப் போயிருப்பேன்லா.

அவளுக்கும் இப்ப கிறுக்குப் பிடிச்சுப் போச்சு. நர்ஸ் மாத்திரை கொடுத்தா வாயில போட மாட்டேங்கா. டப்பாவைக் கொண்டா, தாளைக் கொண்டா, முப்பிடாதி வாசிக்கட்டும்ங்கா. வீட்டுல ஒரு இங்கிலீஷ் வாத்தியார் குத்துக்கல்லா நிக்கேன். என்னைப் பாத்து, "நீங்க சும்மா இருங்க, நீங்க கோடு போட்டுருவீங்க"ன்னு நாலு பேர் முன்னால சொல்லுதா. இன்னைக்கு சனிக்கிழமை, ஸ்கூல் இல்ல. காலையிலேயே அந்தப் பிள்ளை வந்து உள்ள உக்காந்திருக்கு. கட்டிலுக்குக் கீழ ஒட்டியிருக்கிறதுல இருந்து குளுக்கோஸ் பாட்டில் வரைக்கும் வாசிக்கா. நான் வெளிய பெஞ்சுல.

இருக்கட்டும். என் கதை எப்பவும் உள்ளதுதான். உங்க தாளைக் கொடுங்க. கண்ணாடி எங்க... இந்தா இருக்கு. ம். அம்மா பேரு போட்டிருக்கு. வயசு போட்டிருக்கு. பிறகு... ம். நல்ல இங்கிலீஷ். ஒண்ணு சொல்லட்டுமா, எழுதின டாக்டர் நல்லாப் படிச்சவர். ம்.

இதுக்குப் பின்னால இன்னொரு தாள் இருந்துதா? இல்லையா? கீழ விழுந்துட்டா? கேள்வியைக் காணோமே. கேள்வி அண்ணாச்சி, கேள்வி. கேள்வி இருந்தாதான பதில் எந்த வரியில இருக்குன்னு காட்ட முடியும்? கேள்வியே இல்லாம ஒருத்தன் என்னத்த வாசிப்பான்?

அம்மாவுக்கு என்ன கொடுக்கணும், என்ன கொடுக்கக் கூடாதுன்னா? அதுல போட்டிருக்குமா? போட்டிருக்கும், போட்டிருக்கும். எந்த இடம்னுதான்...

அந்தா வாரா பாருங்க. ஏட்டி முப்பிடாதி! இங்கன வா. இந்த அண்ணாச்சியோட அம்மாவுக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்காங்க. உக்காரு, வாசிச்சுச் சொல்லு. ஒண்ணையும் விடாம நடுவுல இருக்கிறதையும் சேத்து வாசி.

பயப்படாதீங்க அண்ணாச்சி. பக்கத்துல நான் இருக்கேன்லா. பிள்ளை தப்பா வாசிச்சா திருத்திருவேன்.